அண்மையிற் படித்த இரு நூல்கள்

கடந்த விடுமுறையில் இரண்டு நூல்களை ஒருசேரப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஒன்று, பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்'. மற்றையது, கவிஞர் நீலாவணனின் 'வேளாண்மை' என்னும் காவியம். இரண்டும் யான் முன்னரே அறிந்தவை. எனினும், வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படித்த நாளில் வினாவுக்கு விடை தேடியே நூல்களைப் புரட்டினேன். இம்முறை பரீட்சை இல்லை. ஆதலால், முன்பு காணாதன சில கண்ணிற்பட்டன.

'வேளாண்மை' என்பதற்கு ஈகை என்றும் உழவுத்தொழில் என்றும் நூலோர் பொருள் கூறுவர். எம் பகுதியிலோ வயலில் நிற்கும் நெற்பயிரே வேளாண்மை. அதனை அறுத்தல் வேளாண்மை வெட்டு. பண்டிதர் இத்தகைய வட்டாரச் சொற்களைத் தேடித் தொகுத்து, அவை கொச்சையல்ல, செந்தமிழ் மரபின் எச்சங்களே என நிறுவ முயன்றார். அது போற்றத்தக்க பணி. ஆயினும், தொகுப்பில் நிற்கும் சொல் தொழில் செய்வதில்லை. நீலாவணன் சொற்களுக்காக வழக்காடவில்லை. அவற்றை வயலில் இறக்கி வேலை வாங்குகின்றார். பிறவூரார் அகராதியின்றி இக்காவியத்தைப் படித்தல் அரிது என்பது குறையாகலாம். அக்குறையைப் பண்டிதரின் நூல் பெரும்பாலும் தீர்க்கும். சொல்லின் குலத்தை அந்நூலும் உயிரை இந்நூலும் உணர்த்துதலால், இரண்டையும் சேர்த்துப் படித்தலே தக்கது.

அண்மையில் வகுப்பில், 'சூடு மிதித்தல் என்றால் யாது?' என வினவினேன். உழவர் வீட்டுப் பிள்ளைகளே நெருப்பைப் பற்றிக் கூறினர். அது அவர்தம் குற்றமன்று. அறுவடை இயந்திரம் வந்தபின் மாடு கட்டி மிதிக்கும் களம் ஏது? மறுநாள் ஒரு மாணவன் தன் பாட்டனாரைக் கேட்டு, சூடு, களவெட்டி, அவுரி, பொலி என நான்கு சொற்களை எழுதி வந்தான். அன்றைய பாடம் அதுவே ஆயிற்று.

கல்முனைப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வயல்களில் இச்சொற்களைக் கொண்டே உழைத்தனர். போடியார், முல்லைக்காரன், வட்டவிதானை என்பன இரு சாராருக்கும் பொது. இவை மறையின், அப்பொதுமையின் சான்று ஒன்றும் மறையும்.

1931இல் பெரியநீலாவணையிற் பிறந்து, ஊர்ப்பெயரையே புனைபெயராக்கிய இவ்வாசிரியக் கவிஞர் 1975இல் மறைந்தார். 'வழி' 1976இலும், 'வேளாண்மை' 1982இலும், 'ஒத்திகை' 2001இலும் வெளிவந்தன. தம் கவிதை நூலொன்றையும் அவர் கையில் ஏந்திப் பார்த்திலர். அவர் காணாத அந்நூல்களை நாமேனும் கையிலெடுப்போமாக. மாணவர்கள் அவற்றைப் படிப்பதோடு, பொருள் விளங்காத சொற்களைக் குறித்துக்கொண்டு வீட்டு முதியோரிடம் செல்வாராக. அகராதியில் இல்லாத விடை அங்கே இன்னும் இருக்கின்றது.