உறைபனியும் பனிப்பொழிவும்

பொய்ச்செய்தியைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்குக் கற்றுத்தரும் பாடக்குறிப்புகளைக் கொஞ்ச நாளாகத் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. தலைப்போடு நிற்காதே, எழுத்துப்பிழை இருக்கிறதா பார், படத்தை உற்றுப் பார், பகிரும் முன் யோசி. அழகாக அச்சடித்து வகுப்புச் சுவரில் ஒட்டலாம். இங்கே காந்தல் பக்கம் ஒரு பள்ளியில் ஒட்டியும் பார்த்தேன்.

எனக்கு இதில் அடிப்படையிலேயே ஒரு சண்டை இருக்கிறது. பொய் என்றால் பார்த்தாலே தெரியும், நாம்தான் சரியாகப் பார்ப்பதில்லை என்று இந்தக் குறிப்புகள் நம்புகின்றன.

2023 மார்ச்சை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அந்த வீடியோக்களில் இருந்தது நடிப்பு அல்ல, ரத்தம் நிஜ ரத்தம்தான். அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் சொன்னார்: ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்குள் நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. ரயில் நிலையத்தில் நின்ற கூட்டமும் நிஜம். அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8, பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அதில் ஏராளம். காட்சி முழுக்க உண்மை, கூடவே வந்த ஒற்றை வரிதான் பொய். சுவரில் ஒட்டிய தாளை வைத்துக்கொண்டு அந்த வீடியோவை நூறு தடவை உற்றுப் பார்த்தாலும் என்ன கிடைக்கும்? உற்றுப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் ஏறும்.

நம் பிள்ளைகளுக்கு 'அறிவுடைமை' அதிகாரத்தின் மூன்றாவது குறள் மனப்பாடம். யார் வாயிலிருந்து வந்தாலும் சொன்னவரை விட்டுவிட்டு, சொல்லப்பட்டதன் மெய்யைப் பார் என்பது அதன் சாரம். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வு கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னபோது வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கிப் படித்து ஏமாந்தார்கள். தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் சீக்கிரமே வெளியேறி, இதை நடத்துவது யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று அதற்குப் பெயர்.

அப்படியானால் வள்ளுவரைத் தள்ளிவைத்துவிடலாமா? அவசரம் வேண்டாம். குடும்பக் குரூப்பில் 'வாய்' யாருடையது? மாமாவுடையது, அத்தையுடையது. "மாமாவே அனுப்பிருக்காரு, பொய்யா இருக்குமா?" என்கிற இடத்தில் குறள் மிகச்சரியாகக் குறுக்கே வந்து நிற்கிறது. அனுப்பியவர் ஒருவர், உண்டாக்கியவர் வேறொருவர். முதல் ஆளின் மேலிருக்கும் பாசத்தைத் தள்ளிவைக்கக் குறள் வேண்டும், இரண்டாவது ஆளைத் தேடிப்போக வைன்பர்க் வேண்டும். நான் பார்த்த பாடக்குறிப்புகளில் ஒன்றுகூட இந்த இரண்டு பேரையும் பிரித்துச் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் சொல்லித்தருகிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. 2018-இல் கண்ணூர் மாவட்டத்தில் 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் பொய்ச்செய்தி வகுப்புகள் தொடங்கியபோது நாடே கவனித்தது. நல்ல தொடக்கம். ஆனால் ஒரு வகுப்பு போதுமா? 2019 தேர்தல் சமயத்தில் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் 1,224 பேரிடம் ஒரு மணிநேரப் பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார். சராசரியில் சொல்லும்படி பலன் இல்லை. ஆளுங்கட்சி ஆதரவாளர்கள், தங்களுக்குச் சாதகமான பொய்களைப் பொய் என்று சொல்வது பயிற்சிக்குப் பிறகு குறைந்தே போனது! பிறகு அவரும் சகாக்களும் அதே பீகாரில், மாநில அரசின் அமைப்போடு சேர்ந்து, 583 கிராமங்களில் 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு 14 வாரம் பாடம் நடத்திப் பார்த்தார்கள். நான்கு மாதம் கழித்தும் பலன் நின்றது, பெற்றோர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. யாரைப் பற்றித் தமிழ்நாட்டில் கதை கட்டினார்களோ, அதே மாநிலத்தின் பிள்ளைகள்தான் இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் என்றால் எங்கிருந்து தொடங்குவது? நான் பனியிலிருந்து தொடங்குவேன். டிசம்பர், ஜனவரி வந்தால் காந்தலும் தலைகுந்தாவும் தலைப்புச் செய்தி. 'மைனஸில் ஊட்டி', 'மினி காஷ்மீர்'. ஊட்டிக்குப் பனிப்பொழிவு கிடையாது, உறைபனிதான். வானத்திலிருந்து எதுவும் கொட்டுவதில்லை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை இழந்து புல்நுனியில் ஈரம் உறைகிறது. காலையில் அந்தப் புல்லில் நடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். வெள்ளையாய்க் கூரை மூடிய படத்தைக் காட்டினால், "சார், இது நம்ம ஊரே இல்ல" என்று சொல்லிவிடும்.

அந்த 'மைனஸ்' மட்டும் பொய் இல்லை என்பதுதான் இதில் ருசி. வானிலைக்காரர்கள் காற்றின் வெப்பநிலையைத் தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில், பெட்டிக்குள் அளப்பார்கள். புல்மட்டத்தில் அளந்தால் அதைவிடக் கீழே காட்டும். ஒரே விடியலுக்கு இரண்டு எண்கள், இரண்டும் சரி. இரண்டு தெர்மாமீட்டர் வாங்கிக்கொடுத்துப் பிள்ளைகளையே அளக்கவிடலாம். செய்தியை உடம்பால் சரிபார்க்கக் கிடைக்கிற வாய்ப்பு சொந்த ஊரைப் பற்றிய செய்தியில்தான் உண்டு. எதை எடுத்தாலும் "எல்லாமே ஃபேக் சார்" என்று கைகழுவுகிற பழக்கத்துக்கும் இதுவே மருந்து என்று தோன்றுகிறது. சந்தேகிக்க மட்டும் சொல்லித்தந்தால் பிள்ளை உண்மையையும் நம்பாது.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் 65 வயதுப் பெண் ஒருவரை ஊர் கூடி அடித்துக் கொன்றது. உறவினர்களோடு குலதெய்வக் கோயிலுக்கு வந்தவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்தி. இறந்தது சென்னைக்காரப் பாட்டி. ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் இந்தியாவில் கொண்டுவந்தது அதற்கப்புறம், ஜூலையில்.

இன்று நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் படிக்கிறார்கள். 2023 வீடியோவை அந்த வகுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். பீகார் அரசே குழு அனுப்பி விசாரித்தது என்று ஆசிரியர் சொல்லட்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து, அந்த மாதம் முதல் தேதிதான் பீகார் துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் சென்னையில் ஸ்டாலின் பிறந்தநாள் விழா மேடையில் இருந்தார், ரெண்டு அரசும் ஒரே அணிதானே என்று கேட்கட்டும். நியாயமான கேள்வி. அப்போது அரசுகளை விட்டுவிட்டு, ஹோலிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று தேட வேண்டியதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம், அந்த மார்ச்சில் ஊரிலிருந்து பாட்டி போன் பண்ணி என்ன கேட்டாள் என்றும் விசாரிக்கலாம்.