மாடிப்படியின் கீழிருந்து: பாலசந்தரின் எழுத்தும் நெறியாள்கையும்

கே. பாலசந்தரின் திரைப்படங்கள் பேசப்படும்போதெல்லாம் அவற்றின் கதைத் துணிவே முதன்மை பெறுகின்றது. அவர் எவ்வழியாக நெறியாள்கைக்கு வந்தார் என்பது அத்துணை கவனிக்கப்படுவதில்லை. சென்னையில் கணக்காயர் அலுவலக எழுதுவினைஞராக இருந்தவாறே மேடை நாடகங்கள் எழுதியவர் அவர். 1964இல் எம்.ஜி.ஆர். நடித்த 'தெய்வத்தா'ய்க்கு உரையாடல் எழுதினார்; அதே ஆண்டில் கிருஷ்ணன்-பஞ்சு நெறிப்படுத்திய 'சர்வர் சுந்தர'மும் அவர் எழுத்தே. மறு ஆண்டில் தமது நாடகமான 'நீர்க்குமிழி'யைத் தாமே திரையில் நெறிப்படுத்தினார். படப்பிடிப்புத் தளத்தில் உதவியாளராக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் வழமையான ஏணியில் அவர் ஏறியவரல்லர்.

இதனால் அவர் படங்களில் மேடையின் இட நெருக்கம் தங்கிவிட்டது என்பர். 'நீர்க்குமிழி' பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கின்றது. அங்கு இக்குற்றச்சாட்டு ஓரளவு பொருந்தும். 'எதிர்நீச்சல்' (1968) குறித்து அதனை நான் ஏற்கேன். பல குடும்பங்கள் வாடகைக்கிருக்கும் ஒரு வீடு. அதன் மாடிப்படியின் கீழ் ஒதுங்கி வாழும் அநாதை மாணவன் மாது. குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் இடும் சோற்றை உண்டு, கல்லூரியிற் படிக்கின்றான். அவனுக்கு அந்த வீடே உலகம். படி ஏனையோர் ஏறி இறங்குவதற்கானது; அதன் கீழே இருப்பவனுக்குத் தலை நிமிர்த்த இடமில்லை. இதனைச் சொல்ல ஓர் உரையாடலும் தேவைப்படவில்லை. நாகேஷின் ஒடிந்த உடலும் ஓயாத ஓட்டமுமே போதுமாயின.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிற் பிறந்தோர்க்கு மாது அந்நியனல்லன். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றபின் வருவாய் சுருங்கிய வீடுகள் இங்கு உண்டு. உறவினர் வீட்டில் தங்கி, கிணற்றில் நீரள்ளி, கடைக்கு ஓடி, விறாந்தையிற் படித்தோரும் உண்டு. இக்கட்டுரையாளனின் சிறிய தந்தையார் அவர்களுள் ஒருவர். உண்ட சோற்றின் கணக்கை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயினும் உண்டவன் அதனை மறப்பதுமில்லை. இந்தக் கூச்சத்தை அப்படம் பிடித்திருக்கின்றது. முன்னேற்றம் பற்றிய படங்களுள் இது அரிது.

இருபது ஆண்டுகளின் பின் வந்த 'உன்னால் முடியும் தம்பி' (1988) நோக்கத்தாற் பெரிது. மதுவுக்கு எதிராக ஊரைத் திரட்டும் உதயமூர்த்தியைக் கமல்ஹாசன் நேர்மையாகவே நடித்தார். ஆனால் அங்கு உரையாடல் எழுதியவர் நெறியாளரை முந்திவிடுகின்றார். பாத்திரம் வாழ்வதற்கு முன்னரே அறிவுரை வந்துவிடுகின்றது. பல்கலைக்கழக மண்டபத்திற் கைதட்டல் பெறுவது இத்தகைய இடங்களே என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) என்னை இன்னும் விடவில்லை. பாரதியில் தோய்ந்த ரங்கன், தில்லியில் வேலையின்றி அலைந்து, ஈற்றில் முடிதிருத்தும் தொழிலில் அமர்கின்றான். படித்தவன் கத்தரிக்கோலைக் கையிலெடுப்பது தோல்வியா என்று எங்கள் விடுதி அறையில் ஓரிரவு முழுதும் வாதாடினோம். வேலைக்கான விண்ணப்பப் படிவங்கள் அப்போது எங்கள் மேசையிலும் கிடந்தன. தோல்வி அன்று என்றே நான் அன்று வாதாடினேன். இன்றும் அப்பக்கமே நிற்கின்றேன்.