ஒரு க்ளிக்கில் வேர்ட்பிரஸ்: வசதிதான், ஆனால்...

கீழ்பென்னாத்தூர் நண்பர் ஒருவர் சுற்றுவட்டாரக் கோயில் கல்வெட்டுக் குறிப்புகளுக்காக ஒரு தளம் தொடங்கப் போகிறார். "வேர்ட்பிரஸ்னு முடிவு பண்ணிட்டேன். ஹோஸ்டிங்ல ஒரு க்ளிக் பட்டன் இருக்கே, அதையே அமுக்கிடவா?" என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

அந்தப் பட்டன் பெரும்பாலும் தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் இவ்வளவுதான் கேட்கும். டேட்டாபேஸ் உருவாக்குவது, எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்வது எல்லாம் நம் கண்ணில் படாமலே முடிந்துவிடும். சமையல் குறிப்புத் தளத்துக்கு இது போதும். கல்வெட்டுக்குப் போதாது.

மைஎஸ்க்யூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். வழக்கமான தமிழ் எழுத்துகள் 3 பைட் என்பதால் தப்பித்துவிடும். 2014-இல் யூனிகோடில் சேர்ந்த கிரந்தமும், 2019-இல் சேர்ந்த காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளும் 4 பைட். அவற்றுக்கு 'யூடிஎஃப்8எம்பி4' வேண்டும். வேர்ட்பிரஸ் 2015-இலேயே, 4.2 பதிப்பில், இதற்கு மாறிவிட்டது. ஆனால் பழைய சர்வரிலோ பழைய பேக்கப்பிலோ சிக்கல் ஒளிந்திருக்கலாம். நிலதானக் கல்வெட்டில் முந்திரி காணாமல் போனால் நிலத்தின் அளவே மாறிப்போகும்.

நானும் பட்டனை அமுக்கியவன்தான். ஹோஸ்டிங் மாற்றும்போது பேக்கப்பைத் தவறான குறியாக்கத்தில் ஏற்றினேன். பதிவெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி! என்ன குறியாக்கம் இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. நான்தான் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லையே. மூலக் கோப்புகள் கையில் இருந்ததால் பிழைத்தேன்.

கையால் நிறுவுவது மட்டும் புனிதம் இல்லை. அப்டேட் செய்ய மறந்தால் அதுவும் ஓட்டைதான். பல நிறுவிகள் அந்த வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும். டேட்டாபேஸே இல்லாத வழியும் உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எச்டிஎம்எல், பிடிஎஃப் கோப்புகளாகவே தருகிறது. இறக்கி வைத்துக்கொண்டால் எந்தக் கணினியிலும் திறக்கும். 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகம் மீடியாவிக்கியில் ஓடுகிறது. ஆனால் அதைப் பராமரிக்க ஓர் அமைப்பே இருக்கிறது. நம்ம நண்பர் தனி ஆள்.

அதனால் அவருக்குச் சொன்னது இதுதான்: முதலில் உங்கள் லேப்டாப்பில் ஒருமுறை கையால் நிறுவுங்கள். ஒரு கிரந்த எழுத்து, ஒரு முந்திரிக் குறி போட்டுச் சேமியுங்கள். பேக்கப் எடுத்து வேறிடத்தில் ஏற்றிப் பாருங்கள். இரண்டும் அப்படியே வந்தால், அப்புறம் தாராளமாகப் பட்டனை அமுக்குங்கள். அங்கேயும் இதே சோதனையை ஒருமுறை செய்துவிட்டு முதல் கல்வெட்டை ஏற்றுங்கள்.