இரண்டு காஸெட்டுகள்

1982 ஜனவரியில் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் நியூ ஜெர்ஸியில் ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து, நாலு டிராக் காஸெட் ரெக்கார்டரில் தன் குரலையும் கிதாரையும் பதிவு செய்தார். தன் குழுவுக்குப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதிரி வேண்டும், உத்தேசம் அவ்வளவுதான். அந்தக் காஸெட்டை உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். பிறகு ஸ்டூடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள். எல்லோரும் தேர்ந்த வாத்தியக்காரர்கள். சரிவரவில்லை. கடைசியில் பாக்கெட்டில் கிடந்த காஸெட்டையே, அதன் இரைச்சலோடு, இசைத்தட்டாக்கி அந்த வருஷம் செப்டம்பரில் வெளியிட்டார்கள். அதுதான் ‘நெப்ராஸ்கா’.

இதை எளிமையின் வெற்றி என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்குச் சம்மதமில்லை. எளிமையை ஸ்டூடியோவிலும் பாவனை செய்யலாம், செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இங்கே நடப்பது வேறு. தலைப்புப் பாட்டில் பேசுகிறவன் கொலைகாரன். 1958-ல் பிடிபட்ட சார்ல்ஸ் ஸ்டார்க்வெதரின் கதை அது. அவன் யாரிடம் பேசுகிறான் என்று தெரிவதில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலுமில்லை. பாடுகிறவரும் அந்த வேளையில் உலகத்துக்குப் பாடவில்லை. இந்த இரண்டு தனிமைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ பாட்டில் ராத்திரி காரோட்டிப் போகிறவனின் பயம் கிதாரில் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருக்கிறது. முடிவில் திடீரென்று ஒரு ஊளை. ‘சூயிஸைட்’ என்ற நியூயார்க் இரட்டையரின் 1977-ம் வருஷத்து இசைத்தட்டைக் கேட்டிருந்ததன் பாதிப்பு. ஊளையைச் சுற்றி ஒரு காலி வெளி கேட்கிறதே, அதை எந்த வாத்தியக்காரனும் வாசித்துத் தரமுடியாது.

குழுவோடு செய்த அந்தப் பதிவுகளும் 2025 அக்டோபரில் வெளியாகிவிட்டன. ‘அட்லாண்டிக் ஸிட்டி’யை அதில் கேட்டால் நல்ல ராக் பாட்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் கடனில் மூழ்கி, தகாத காரியத்துக்குத் துணிந்து கிளம்புகிறானே, டிரம்ஸ் வந்ததும் அவனுக்கு நாலு சிநேகிதர்கள் கிடைத்துவிடுகிறார்கள். நாலு சிநேகிதர்கள் இருந்தால் அவன் ஏன் போகிறான்?

அதே நாட்களின் வீட்டுப் பதிவுகளில் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’யும் உண்டு. 1998-ல் ‘ட்ராக்ஸ்’ தொகுப்பில் வந்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவன் வாய்க்குள் முணுமுணுக்கிற கசப்பு. 1984-ல் வெளியான பதிவில் குழு அதை வானத்தைப் பிளக்கிற முழக்கமாக்கிற்று. வார்த்தைகளில் கசப்பு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் கொண்டாட்டமாகவே பலர் கேட்டார்கள். ரீகன் அவ்வருஷத் தேர்தல் பேச்சொன்றில் ஸ்ப்ரிங்ஸ்டீன் பெயரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். முழக்கமும் பெரிய பாட்டுத்தான். ஆனால் பூர்த்தி செய்வது அர்த்தத்தைத் தொடாமல் நடக்கிற காரியமல்ல.

இன்னொரு காஸெட்டுக்கு வருகிறேன். 1977 வாக்கில் ஜான் லெனன் நியூயார்க் வீட்டில் பியானோவோடு பாடிவைத்தது. 1980-ல் அவர் கொலையுண்டார். 1994-ல் யோகோ ஓனோ காஸெட்டை மக்கார்ட்னியிடம் தந்தார். மறுவருஷம் மற்ற மூவரும் முயன்று கைவிட்டார்கள். பியானோ குரலை அமுக்கிற்று, மின்சார உறுமல் வேறு. ஹாரிசனுக்கு அது பிடிக்கவேயில்லை. அவரும் 2001-ல் போய்விட்டார். பீட்டர் ஜாக்ஸனின் ஆட்கள் பீட்டில்ஸ் படத்துக்காகச் செய்த கம்ப்யூட்டர் முறை குரலைத் தனியே பிரித்தெடுக்க, 2023 நவம்பரில் ‘நௌ அண்ட் தென்’ வந்தது.

குரல் செயற்கை என்று கூச்சலிட்டவர்கள் விஷயம் தெரியாதவர்கள். குரல் லெனனுடையதுதான். என் ஆட்சேபம் வேறு. காஸெட்டில் ஒரு பகுதி உண்டு. அங்கே வார்த்தைகள் தேய்ந்து வெறும் முனகலாகிவிடும். பாட்டு தன்மேலேயே சந்தேகம் கொள்கிற இடம் அது. அதை வெட்டிவிட்டார்கள். எடுத்த இடம் தெரியாமல் வயலின்களும், ‘பிகாஸ்’ முதலிய பழைய பாட்டுகளிலிருந்து கொண்டுவந்த கூட்டுக் குரல்களும் மூடிக்கொள்கின்றன. கிடைத்திருப்பது எண்பது கடந்த மக்கார்ட்னி தன் சிநேகிதனுக்குப் பாடிய இரங்கற்பா. அப்படிக் கேட்டால் மனசைத் தொடுகிறது. லெனன் பாட்டு என்று கேட்டால், கேள்வி இருந்த இடத்தில் சமாதானம் உட்கார்ந்திருக்கிறது.

மாக்ஸ் ப்ராடும் ‘விசாரணை’யின் அத்தியாயங்களை வரிசைப்படுத்தித்தான் 1925-ல் வெளியிட்டார். அவரைக் குறை சொல்கிறவர்கள்கூட அவரால்தான் காஃப்காவைப் படிக்கிறோம். ஆனால் கையெழுத்துப் பிரதிகள் மிஞ்சின. பிற்காலத்தார் திறந்து பார்த்து வேறு வரிசைக்கு வாதாட முடிந்தது. நெப்ராஸ்காவிலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நமக்கு இடமிருக்கிறது. பீட்டில்ஸ்காரர்கள் நேரெதிர்த் திசையில் போகிறார்கள். 2025 நவம்பரில் வந்த நாலாவது ‘ஆந்தாலஜி’யில், 1995-96-ல் வெளியான மற்ற இரண்டு லெனன் பாட்டுகளையும் குரல் துலக்கிப் புதிதாகக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். துலக்கட்டும். காஸெட்டையும் கூடவே போடட்டும், உறுமலோடு.