அடிமையின் கையில் எழுதுகோல்

அடிமை ஒழிப்பு என்றதும் லிங்கன் என்கிறார்கள், சடையங்குப்பத்தில் என்னிடம் படிக்கும் மாணவர்கள். டக்ளஸ் யார் என்றால் விழிக்கிறார்கள். குற்றம் அவர்களுடையதா? ஆணையிட்டவரைப் பாடமாக்கினோம், விலங்கு பூண்டவரின் குரலை ஏட்டில் ஏற்றாமல் விட்டோம்.

மேரிலாந்தில் 1818-இல் அடிமையாய்ப் பிறந்தவர் பிரடெரிக் டக்ளஸ். பால்டிமோர் தெருக்களில் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றார். 1838-இல் தப்பினார். 1845-இல் தம் வரலாற்றை எழுதினார். அடித்தவன் பெயரும் ஊரும் அதில் அப்படியே உண்டு. தப்பிய வழியை மட்டும் சொல்லவில்லை. பின்னால் வருவோர்க்கு அவ்வழி அடைபடக் கூடாதல்லவா! நூல் வெளிவந்ததும், பிடிபடுவோமென்று கடல் கடந்து பிரிட்டன் செல்ல நேர்ந்தது.

அந்நூலுக்கு முன்னுரை தந்தவர் வெள்ளையரான காரிசன். 1847-இல் டக்ளஸ் சொந்த ஏடு தொடங்க முனைந்தபோது, வேண்டாமென்றவரும் அதே காரிசன்தான். ஒடுக்கப்பட்டவன் சாட்சி சொல்லலாம், ஆசிரியர் நாற்காலியில் அமரலாகாது! நல்லவர்களிடத்தும் இந்த நோய் உண்டு.

இங்கே நடந்தது என்ன? 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீது கொண்டாடும் உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. அடிமை வாணிபத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்க 1860-இன் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. இரண்டும் மேலிருந்து வந்தவை. அந்நாளில் நிலத்தோடு விற்கப்பட்ட பண்ணையாளின் தன்வரலாறு எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை.

ஐம்பதாண்டு கழித்து, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஏடு கண்டார். இழிவென்று வீசப்பட்ட பெயரையே எடுத்துப் 'பறையன்' என்று தலைப்பிட்டார். அந்தத் துணிவுக்கு எத்தனை பாராட்டும் தகும். ஆனால் 1939-இல் வந்த அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னைத் தடுமாற வைக்கிறது. கோவையில் படித்த காலத்தை அதில் சொல்கிறார். நானூறு மாணவரில் பத்துப் பேர் தவிர அனைவரும் பார்ப்பனர். சாதி தெரிந்துவிடுமென்று அஞ்சி, எவரோடும் பழகாமல் வெளியே எங்கேனும் அமர்ந்து படித்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். டக்ளஸ் எழுத்தை ஒளித்துக் கற்றார். இவரோ எழுத்தை வெளிப்படையாகக் கற்றுத் தம்மையே ஒளித்துக்கொண்டார். இரண்டில் எது கொடிது?

ஆயினும் சில வரிகளில் அது முடிந்துவிடுகிறது. மனுக்கள், பதவிகள், வட்டமேசை மாநாடு என்று நூல் விரைகிறது. டக்ளஸ் நின்று சொன்ன இடத்தில் இவர் நடந்துவிடுகிறார். மணியோசைக்காக வெளியே காத்திருந்த அந்த மாணவனைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுதியிருக்கலாகாதா?