ஆடிக்காற்றை அறிந்தவர்களுக்கு ஒரு பாய்மரப் பயணம்

ஆனி பிறந்துவிட்டால் பனவடலிசத்திரத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று மானாவாரிக் காட்டுப் புழுதியை வாரிக்கொண்டு கிழக்கே ஓடும். சங்கரன்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் பஸ்ஸில் போகிறவர்கள் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்தபடியே போகலாம். கடல் கண்ணில் படாத இந்த ஊர்க்காரர்களுக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பாய்மரப் பயணத்தில் முதலில் ரசிக்க வேண்டியது காற்று. தீவும் மணலும் பவளமும் அதற்கு அடுத்ததுதான். ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் காற்றை உடம்பில் வாங்குகிற நமக்கு அந்த ரசனையில் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

ஏழெட்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு படகை வாடகைக்கு எடுத்து, தீவு தீவாகப் போய், அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, அதிலேயே தூங்கி ஐந்தாறு நாள் கழிக்கிற விடுமுறைதான் இங்கே சொல்லும் பாய்மரப் பயணம். மீதிப் பாதி ரசனைக்கான வழிகளைப் பார்ப்போம்.

ஊரிலேயே தொடங்குங்கள்

1805-ல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காற்றின் வலுவைப் படிப்படியாகப் பிரித்து வைத்தார். கடலுக்கென்று வகுத்த அந்த அளவுக்குப் பிற்காலத்தில் நிலத்து அடையாளங்களும் சேர்ந்தன. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் மூன்றாம் படி. புழுதியும் காகிதமும் கிளம்பினால் நான்காம் படி, அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். இலை அடர்ந்த சிறு மரங்கள் அசைந்தாடத் தொடங்கினால் ஐந்து. விடுமுறைப் பயணத்துக்கு மூன்றும் நான்கும் அருமையான காற்று. டீக்கடை வாசலில் நின்று படியை ஊகியுங்கள். பிறகு செல்போனில் வானிலையைத் திறந்து சரிபாருங்கள். ஒரு மாதம் பழகினால் கண் பிடிபட்டுவிடும்.

அடுத்த பாடம் காற்றாலை. அதன் தலை காற்று வருகிற பக்கம் திரும்பி நிற்கும். இறக்கையின் ஒரு பக்கம் அதிகம் புடைத்திருக்கும். அந்தப் பக்கம் காற்று விரைந்து ஓட, அங்கே அழுத்தம் குறைந்து இறக்கை இழுபடுகிறது. படகின் பாய் வேலை செய்வதும் இதே விதியில்தான். பின்னாலிருந்து காற்று தள்ளினால்தான் படகு ஓடும் என்று நினைக்க வேண்டாம். பக்கக் காற்றில்தான் பெரும்பாலும் நல்ல வேகம் கிடைக்கும். அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் கீல் படகைப் பக்கவாட்டில் சறுக்கவிடாமல் பிடித்துக்கொள்ள, இழுவையில் முன்னோக்கிய பங்கு படகை ஓட்டுகிறது. எதிர்க்காற்றில் மட்டும் நேரே போக முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி ஒதுங்கி, வலமும் இடமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும்.

எங்கே, எப்போது?

நமக்கு மிக அருகில் உள்ள தீவுகள் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருக்கின்றன. 21 தீவுகள் என்று கணக்கு. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவாக அவற்றில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986 முதல் இந்தத் தீவுப் பகுதி தேசியக் கடல் பூங்கா. நினைத்தபடி படகை விட்டுத் தீவில் இறங்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. ஆனாலும் ஒரு நாள் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போய்த் தோணிகளைப் பாருங்கள். ஒருகாலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோன மரக்கலங்களின் வழித்தோன்றல்கள் அவை. இப்போது என்ஜின் பூட்டியிருந்தாலும், மரத்தைப் பொருத்தி வளைத்த அந்த உடல்கட்டைப் பார்த்த கண்ணுக்கு எந்தப் படகும் அந்நியமாகத் தெரியாது.

படகை வாடகைக்கு எடுத்துத் தீவுகளுக்கிடையே ஓட, தமிழர்களுக்குத் தோதான இடம் மலேசியாவின் லங்காவி. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ஒரு மணி நேர விமானப் பயணம். 99 தீவுகள் கொண்ட அந்தக் கூட்டம் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போன கடாரம் அந்த வட்டாரம்தான். அக்காலத்து மரக்கலங்கள் வங்கக் கடலைக் கிழக்கே கடக்க மேல்காற்றையும், திரும்பி வர வாடையையும் நம்பியிருந்தன. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழை குறைவு. வடகிழக்குக் காற்று சீராக இருக்கும். உயர்ந்த சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் மறைவில் அலை அடங்கியிருக்கும்.

படகும் ஆட்களும்

உங்களில் யாருக்கும் பாய்மரப் படகு ஓட்டும் சான்றிதழ் இல்லையென்றால் கேப்டனோடு சேர்த்தே வாடகைக்கு எடுங்கள். ஒற்றை உடல் படகு காற்றில் சாய்ந்து ஓடும். காற்றின் வலுவை உள்ளங்காலிலேயே உணரலாம். வயதானவர்களும் குழந்தைகளும் வந்தால் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் நல்லது. அது அதிகம் சாயாது, இடமும் தாராளம்.

கிளம்புமுன் மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள். முதலில் செலவுக்கு ஒரு பொதுப் பணம். அடுத்து சமையல் முறை: யார் என்றைக்கு. மூன்றாவது தண்ணீர். தொட்டியில் இருப்பது சில நூறு லிட்டர்தான். பாத்திரத்தை முதலில் கடல் நீரில் அலசி, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீரைத் தொடுங்கள். வறட்சியில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலில் எதைக் கவனிப்பது?

பாய் ஏறியதும் கேப்டன் என்ஜினை நிறுத்துவார். அப்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பாயின் முன் ஓரத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் சிறு நூல் ஒட்டியிருக்கும். பாய் சரியாக இழுக்கப்பட்டிருந்தால் இரண்டு நூலும் ஒன்றாகப் பின்னோக்கிப் பறக்கும். உள்பக்க நூல் துடித்தால் கயிற்றை இன்னும் இழுக்க வேண்டும். வெளிப்பக்கத்து நூல் தொங்கினால் சற்றுத் தளர்த்த வேண்டும். ஒரு கயிற்றை நாலு விரற்கடை இழுத்ததும் இரண்டு நூலும் சேர்ந்து பறப்பதைக் காண்பது இந்தப் பயணத்தின் முதல் பெரிய இன்பம். கேப்டனிடம் கேட்டு ஆளுக்கொரு முறை இழுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பக்கம் மாறும் தருணம். கேப்டன் குரல் கொடுப்பார். சுக்கான் திரும்ப, பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒருவர் இந்தப் பக்கக் கயிற்றை விடுவிக்க, இன்னொருவர் அந்தப் பக்கக் கயிற்றை விஞ்ச் என்ற உருளையில் சுற்றி இழுப்பார். சாய்ந்திருந்த படகு நிமிர்ந்து, மறுபக்கம் சாயும். பத்திரப்படுத்தாத டம்ளர்கள் உருளும். இருவர் கையும் ஒரு நொடி முன்பின்னாகப் போனாலும் படகு வேகம் இழக்கும். நட்பு இங்கே பேச்சில் இல்லை, கயிற்றில் தெரியும்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஐந்தாறு நாட் என்றால் மணிக்கு ஒன்பது முதல் பதினோரு கிலோமீட்டர். அந்த நிதானத்தில்தான் ஒரு தீவு தொலைவில் நீலக் கோடாகத் தெரிந்து, பச்சையாகி, பாறையும் மரமுமாகப் பிரிந்து, கடைசியில் அதன் மேலே வட்டமிடும் செம்பருந்து வரை துலங்குகிறது.

நங்கூரம் போடும்போதும் கூடவே நில்லுங்கள். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இருபத்தைந்து மீட்டர் வரை சங்கிலி விடுவார்கள். சங்கிலி தரையோடு படிந்து கிடந்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் குறித்துக்கொள்ளுங்கள். படகு காற்றுக்கேற்ப அசையத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டும் விலகிக்கொண்டே போனால் நங்கூரம் நழுவுகிறது என்று பொருள், கேப்டனை எழுப்புங்கள்.

ஒரு நாளைக் காலியாக விடுங்கள்

ஒவ்வொரு மாலையும் வரைபடத்தை விரித்து, "ஏல, நாளைக்குக் காத்து எங்க கொண்டுபோகும்?" என்று எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள். லங்காவியின் டாயாங் புந்திங் தீவில் உள்ள நன்னீர் ஏரியைப் பார்க்கத் திட்டமிட்டிருப்பீர்கள். காற்று முகத்துக்கு நேரே வந்தால் வேறு தீவுக்குப் போவதுதான் அழகு. குறித்த நேரத்துக்குக் குறித்த இடம் என்று பிடிவாதம் பிடித்தால் நாள் முழுவதும் என்ஜினில்தான் ஓட வேண்டும். பாய்ப் படகு எடுத்ததற்கே அர்த்தமில்லை. அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய ஒரு நாளில் எதையும் வைக்காதீர்கள். காற்று தாமதப்படுத்தினால் அந்த நாள் கை கொடுக்கும். தாமதப்படுத்தாவிட்டால், அதுவரை சுக்கானைத் தொடாதவரிடம் அன்று முழுவதும் அதைக் கொடுத்துவிடுங்கள்.