ஏழு முட்டைக் கணக்கு

நாற்பதைத் தாண்டிய பெண்ணின் கருப்பை பெரும்பாலும் கருவைச் சுமக்கத் தயாராகவே இருக்கிறது, வயதாவது கருமுட்டைக்குத்தான். கருமுட்டை தானம் பலிப்பதன் ரகசியம் இவ்வளவே. 1980களின் முற்பகுதியில் இம்முறையில் முதல் குழந்தைகள் பிறந்தன. இளமையிலேயே மாதவிடாய் நின்றவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் சினைப்பை செயலிழந்தவர்களும் இன்று இதனால் பிள்ளை பெறுகிறார்கள். ‘தத்தெடுத்துக்கொள்ளலாமே’ என்று அவர்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெற்றவர்கள்தாம்.

கொடுக்கும் பெண்ணின் பக்கம் வருவோம். பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, நடுநடுவே ஸ்கேன், கடைசியில் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பது. சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசிக்கு வேறு மருந்தைப் பயன்படுத்தினால் இந்த அபாயம் வெகுவாகக் குறையும். மருத்துவம் ஓரளவு வழி கண்டுவிட்டது. சட்டம்தான் தடுமாறுகிறது.

இந்தியாவில் கருமுட்டை தானத்தை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டின் சட்டப்படி டோனருக்கு வயது 23 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் ஏழு முட்டை, அதுவும் ஒரே தம்பதிக்கு. படிக்கக் கருணையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசி மருந்துக்கு ஏழோடு நிற்கத் தெரியாது. பத்துப் பதினைந்து வளர்வது சாதாரணம். ஆகவே உடல் படும் பாடு அப்படியே இருக்க, எடுக்கும் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு. ஏழில் சில முதிர்ந்திருக்காது, சில கருவுறாது, கருவுற்றதில் பல ஐந்தாம் நாளை எட்டாது. ஒன்றிரண்டு மிஞ்சினால் உண்டு. அதுவும் தங்காவிட்டால் வேறொரு பெண்ணைத் தேட வேண்டும். ஒருத்தியைக் காக்கும் விதி, ஊசிக்கு வரும் பெண்களின் தொகையைக் கூட்டிவிடுகிறது.

அந்தப் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை ஈரோடு காட்டியது. 2022இல் அங்கே 16 வயதுச் சிறுமியிடம் பல முறை கருமுட்டை எடுக்கப்பட்டது வெளியே வந்தது. தாயும் இடைத்தரகரும் கைதானார்கள். வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் பயன்பட்டிருந்தது. 2021 சட்டமும் டோனரிடம் ஆதார் எண்ணைத்தான் கேட்கிறது! அட்டையைப் பார்த்தவர்கள் எதிரே நின்ற சிறுமியின் முகத்தைப் பார்க்கவில்லையா என்ற கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

காசு விஷயத்தில் சட்டத்தின் கூச்சம் இன்னும் பெரிய குறை. விற்பனை குற்றம் என்கிறது, சரி. ஆனால் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் பட்ட வலிக்கும் இன்ன தொகை என்று அது வரையறுக்கவில்லை. பிரிட்டனிலும் விற்பனைக்குத் தடைதான். ஆயினும் ஈட்டுத்தொகை 986 பவுண்டு என்று 2024 முதல் வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள். தொகை எழுத்தில் இல்லாத இடத்தில் பேரம் தரகரின் கையில் போய்ச் சேர்கிறது; எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். டோனருக்குச் சட்டம் உறுதியாகத் தருவது, பெறும் தம்பதி எடுத்துக் கொடுக்கும் 12 மாதக் காப்பீடு. பதின்மூன்றாம் மாதம் வயிறு வலித்தால் செலவு அவளுடையது.